சுவரில் ஒரு கோழிக்குஞ்சு

மணிலா விரிகுடாவை மண் கொட்டித் தூர்க்கக் கூடாது என்ற போராட்டத்தில் முன்னே நின்ற மீனவர் ருஃபினோவைக் கரைச்சுவரில் ஆளுயரத்துக்கு வரைந்தவள் மரிவிக். அவர் பெயரையும் கீழே எழுதியிருந்தாள். மூன்றே வாரத்தில் அவரை வீட்டு வாசலிலேயே சுட்டுப் போட்டார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவள் சுண்ணாம்பு வாளியோடு சுவர் முன்னே வந்து நின்றாள். ருஃபினோவின் மனைவி எடிதா பின்னாலேயே வந்தாள்.

"என்னடி பண்ணப் போற?"

"அழிச்சிடறேன் அக்கா. நான் மொகத்தப் போட்டதாலதான அடையாளம் தெரிஞ்சுது."

"போடி பைத்தியம்! ஊருக்கே தெரிஞ்ச மூஞ்சி. மூக்க மட்டும் நீ அழகா வரைஞ்சு ஏமாத்திட்டேன்னு ரெண்டு நாள் சிரிச்சாரு மனுஷன்." எடிதா சுவரில் அந்த மூக்கைத் தடவினாள். "கொலையானவங்க சவப்பெட்டி மேல கோழிக்குஞ்சு விடுவோமே, கொன்னவன் மனசாட்சியக் கொத்தட்டும்னு. பெட்டி குழிக்குள்ள போயிடுச்சு. குஞ்சு நிக்க எடமில்ல. அவர் நெஞ்சுல ஒண்ணு வரை. கொன்னவன் இந்த வழியாத்தான் போவான்."

மரிவிக் வாளியை ஓரமாக வைத்துவிட்டு மஞ்சள் சாயம் குழைத்தாள்.

"அலகு கூரா இருக்கட்டும்."

"கூராத்தான் போட்டிருக்கேன் அக்கா."

அந்தக் குஞ்சு முதலில் மரிவிக்கைத்தான் கொத்தியது.