முகக்கவச அடுக்குக்குக் கீழே

செஞ்சியில் படிவுப்பாறை பாடம் நடத்துவது கொடுமை. திரும்பிய பக்கமெல்லாம் கருங்கல். மணலும் சேறும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, இறுகிக் கல்லானதைக் காட்டத் திருவக்கரைக்குத்தான் போகவேண்டும். என்னைப் போன்ற கௌரவ விரிவுரையாளனை நம்பி பஸ் அனுப்பும் கல்லூரியை இன்னும் யாரும் கட்டவில்லை.

ஆனால் என் தெருவிலேயே ஒரு படிவு இருந்தது. மண் சாக்கடை. மூன்று மாதமாக அடைத்துக்கொண்டு வாசல்வரை பொங்கியது. பக்ருன்னிசா அக்காவின் பிரியாணிக் கடைதான் காரணம் என்று தெரு முடிவுகட்டி, கடையைக் காலி செய்யவைக்கச் சொல்லிக் கட்டட உரிமையாளர் பெரியதம்பியிடம் மனு கொடுத்தது. முதல் கையெழுத்து என்னுடையது, படித்தவனாம். வெள்ளிக்கிழமை வரை கெடு வைத்தார் அவர். ஏற்கெனவே இரண்டு இடத்தில் காலி செய்தவர் அக்கா. இதுவும் போனால் அவலூர்பேட்டையில் தங்கை வீட்டோடு போய் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

புதன் காலை ஜேசிபி வந்து சாக்கடையைச் செங்குத்தாக வெட்டியது. நாற்றத்தில் தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. பெரியதம்பி மட்டும் துண்டால் மூக்கைப் பொத்தி நின்றார். நான் எட்டிப் பார்த்தேன். பாறை அடுக்குகளைப் படிக்க எல்லாரும் போகும் ஊர் அரியலூர்; பிஎச்.டி.யைப் பாதியில் விட்டவனுக்கு இதுதான் அரியலூர்.

அக்கா கடை வாசலிலிருந்து சொன்னார்: "சார், கல்லப் பாத்து வயசு சொல்றவராச்சே நீங்க. இதயும் பாத்துச் சொல்லுங்க. நான் வந்து ரெண்டு வருசந்தான் ஆவுது."

லுங்கியை மடித்துக் கட்டி இறங்கினேன். கணுக்காலைச் சேறு சப்பியது. மேலே நான்கு விரல் கனத்துக்குக் கொழுப்பும் எலும்பும். அது அக்காவுடையதுதான். அதன் கீழே முழ ஆழத்துக்குக் கறுத்த சேறு, ஷாம்பு பாக்கெட், ஊறி வீங்கிய டயப்பர். காற்றுப் புகாமல் தேங்கிய நீரில்தான் சேறு இப்படிக் கறுக்கும். அதற்கும் அடியில் நசுங்கி வரிசையாக நீல முகக்கவசங்கள். கொரோனா வருஷம். கீழே கிடப்பதுதான் பழையது. ஆக, அக்கா வருவதற்கு முன்பே தண்ணீர் நின்றுபோயிருக்கிறது; நிரம்பிப் பொங்கத்தான் இத்தனை வருஷம்.

முகக்கவசங்களுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பலகை. அதன் அடியில் பளிச்சென்ற பருமணல். ஒருகாலத்தில் தண்ணீர் வேகமாக ஓடிய இடம். நடுவில் இந்தப் பலகைதான் மறித்திருக்கிறது. தட்டினேன். சிமெண்ட். அதில் பதிந்திருந்தது மயில்நீல டைல்ஸ் துண்டு.

என் குளியலறை டைல்ஸ். கொரோனாவுக்கு முந்தின வருஷம் வீடு கட்டியபோது, மிச்சக் கலவையைக் கழுவிச் சாக்கடையில் ஊற்றச் சொன்னவன் நானேதான்.

"இன்னா வாத்தியாரே, அந்தம்மாதானே?" என்றார் பெரியதம்பி.

இதைப் படிக்கத் தெரிந்தவன் தெருவில் நான் ஒருவன்தான். ஐந்து நிமிடத்தில் ஜேசிபி எல்லாவற்றையும் அள்ளிவிடும். ஆமாம் என்று சொல்லிவிட ஆசை.

"இல்லண்ணே. நான்தான். என் வூட்டு சிமெண்ட்டு."

பெரியதம்பி துண்டை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். உடனே மறுபடி பொத்திக்கொண்டார். அந்தம்மா இருக்கட்டும் என்று அதற்குள்ளிருந்தே சொன்னார்.

மேலே ஏறிய என் கால்மீது அக்கா ஓஸ் பைப்பைத் திருப்பினார், முகத்தை அந்தப்பக்கம் வைத்துக்கொண்டு.

"கையெழுத்து போடறதுக்கு முன்னாடி எறங்கிப் பாத்திருக்கலாமே, சார்."

அடுத்த காலைக் காட்டினேன்.