அண்டாவும் கரண்டியும்

மூட்டை தூக்கித் தூக்கி என் முதுகு கெட்டுப் பல நாள் ஆகிவிட்டது. குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் குனிய முடியாது. பழைய மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஒன்று வாங்கிவிட்டால் பிழைத்தேன். பின்னால் சரக்கு ஏறும், முன்னால் நான் உட்கார்ந்திருப்பேன். உட்கார்ந்து செய்கிற வேலை எனக்கும் ஒன்று வேண்டும் என்ற ஆசையில்தான் சீட்டுப் போட்டேன்.

சீட்டு நடத்தியது எங்கள் கிடங்கு வாசலில் கேன்டீன் வைத்திருக்கும் அக்கா. மாதாமாதம் எல்லோரும் பணம் கட்டுவோம். சேர்ந்த பணத்தில் யார் அதிகமாக விட்டுக்கொடுத்து மீதியை வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கிறாரோ, அந்த மாதச் சீட்டு அவருக்கு. விட்டுக்கொடுத்ததை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஏலம் எல்லாம் போனில்தான். ஆள் யாரென்று தெரிந்தால் வம்பு என்று அக்கா எல்லோருக்கும் பாத்திரத்தின் பெயரை வைத்திருந்தாள். வாளி, தட்டு, கரண்டி, சல்லடை. நான் அண்டா. "உன் வயித்துக்கு வேற என்ன பேரு வைக்கச் சொல்ற?" என்றாள். ரசீது கிடையாது, கையெழுத்து கிடையாது. அக்காவின் வாய்தான் கணக்கு.

வீட்டில் நான் மூச்சு விடவில்லை. என் மனைவியும் நானும் பிரிந்துவிடுவது என்று அப்போது பேசி முடித்திருந்தோம். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடக்கூட ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். வேறு ஊரில் வேலை பார்க்கும் மகளும், "ரெண்டு பேரும் தனித்தனியாவாவது நிம்மதியா இருங்க" என்று சொல்லிவிட்டாள்.

ஒரு மாத ஏலத்தன்று சாயங்காலம் போனை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி நின்றேன். மேலே வீட்டில் மனைவி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். தண்ணீர் கொட்டுகிற சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. என்னத்தைத்தான் துவைக்கிறாளோ என்று நினைத்துக்கொண்டேன்.

"அண்டா, கரண்டி இன்னும் தள்ளிக் கேக்குது. நீ ஏறுறியா, விடுறியா?" என்றாள் அக்கா.

"ஏறுறேன்க்கா."

கொஞ்ச நேரத்தில் மறுபடி போன். "கரண்டி அதுக்கும் மேல போயிடுச்சுப்பா."

"யாருக்கா அது? பணத்தைத் தண்ணியா விடுற ஆளு!"

"பேரு சொல்ல மாட்டேன்னு தெரியுமில்ல?"

இன்னும் ஏறினால் கைக்கு வருவது வண்டி விற்பவன் சொன்ன விலைக்குக் கீழே போய்விடும் என்று நான் விட்டுவிட்டேன். கரண்டிக்குச் சீட்டு விழுந்தது. மாடி ஏறினபோது குழாய்ச் சத்தம் நின்றிருந்தது. அடுத்த ஒரு வாரம் மூட்டையை ஏற்றும்போதும் இறக்கும்போதும் கரண்டியைத் திட்டினேன். ஆனாலும் அது விட்டுக்கொடுத்ததில் என் பங்கும் கொஞ்சம் வந்தது. அதில் மனைவிக்கு ஒரு குடை வாங்கிக் கொடுத்தேன். பிரியப்போகிற நேரத்தில் எதற்குக் குடை என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மழைக்காலம்.

நீதிமன்றத்தில் எங்களை ஒரு சமரச அம்மாவிடம் அனுப்பினார்கள். கண்ணாடி போட்ட, நிதானமான அம்மா. "அடுத்த தடவை வரும்போது அவங்கவங்க கையில இருக்கிறதை ஒண்ணுவிடாம சொல்லணும். மறைச்சா பின்னாடி கஷ்டம்" என்றார்.

கூட வேலை பார்க்கும் நெட்டையன் இதைக் கேட்டுச் சிரித்தான். "சீட்டைச் சொல்லித் தொலைச்சிடாத மச்சான். எழுத்துல இல்லாத காசு. கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. சொன்னா பாதி போயிடும், அப்புறம் சாகுற வரைக்கும் மூட்டைதான்."

அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. பாதியை வைத்து வண்டியில் பாதியா வாங்க முடியும்?

அடுத்த தடவை சமரச அம்மாவிடம் போனபோது மனைவிதான் முதலில் ஆரம்பித்தாள். தையல் மிஷின், பீரோ, வங்கியில் கிடக்கும் சொச்சம். பிறகு கையிலிருந்த வளையல் இரண்டையும் கழற்றி மேசையில் வைத்தாள். கழற்ற வராமல் சிரமப்பட்டுத்தான் கழற்றினாள். விரலெல்லாம் சிவந்துவிட்டது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வெந்நீரில் ஊறி ஊறி வீங்கிய கை.

"போட்டுக்கோம்மா, சொன்னாலே போதும்" என்றார் சமரச அம்மா.

அந்தக் கையைப் பார்த்த பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"நான் ஒரு சீட்டுப் போட்டிருக்கேங்க. கேன்டீன் அக்கா கிட்ட. இன்னும் எடுக்கல. வண்டி வாங்கலாம்னு இருந்தேன்."

அவள் சட்டென்று திரும்பினாள். "எந்த கேன்டீன் அக்கா?"

"எங்க கிடங்கு வாசல்ல இருக்கிற அக்காதான்."

"பாத்திரப் பேரு வைப்பாங்களே, அவங்களா?"

"அது உனக்கெப்படித் தெரியும்?"

"நீங்க யாரு அதுல?"

"அண்டா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து அந்த அம்மா தண்ணீரை நகர்த்தினார். அழவில்லை, சிரிப்பு. தோளெல்லாம் குலுங்கியது.

"நான்தாங்க கரண்டி. அவங்க தங்கச்சி எங்க லாண்டரியிலதான் வேலை பாக்குது. அவதான் சேத்துவிட்டா."

"குழாய்..." என்றேன்.

"நான் போன் பேசுறது உங்களுக்குக் கேட்டுடக் கூடாதுன்னுதான் திறந்துவிட்டேன். அண்டாவை எவ்வளவு திட்டினேன் தெரியுமா? பாவி, நாசமாப் போறவன்னு..."

"நான் மட்டும் என்ன, ஆரத்தியா எடுத்தேன்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்போ அந்தக் குடை?"

"நீ விட்டுக்கொடுத்த காசுதான்."

"அடப்பாவமே! என் காசுல எனக்கே குடையா!"

சமரச அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. முதலிலிருந்து விளக்கினோம், இருவரும் ஒரே நேரத்தில். அவரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "இதை நான் சொல்றதா இல்லீங்க. தனியா ஒரு ரூம் பாத்து அட்வான்ஸ் குடுத்திருக்கேன். இவர் முதல்ல சொன்னதால சொல்றேன்."

அதன்பின் பேச்சு வேகமாக முடிந்தது. அவள் ஏலத்தில் விட்டது போக வாங்கியது குறைவு. என் சீட்டு இன்னும் முழுசாக நிற்கிறது. "அவசரக்காரங்க எல்லாம் எடுத்துட்டாங்க. அடுத்த மாசம் உங்களோட மல்லுக்கட்ட ஆளே இல்ல. நான்தான் இல்லையே" என்றாள். அவளுக்கு அறை, எனக்கு வண்டி என்று முடிவானது. எனக்குக் கூடுதலாக வருவதில் பாதியை நான் மாதாமாதம் கொடுத்துத் தீர்க்க வேண்டும். "சாமானையும் இவரே ஏத்திக்கிட்டுப் போய் இறக்கணும்னு எழுதுங்கம்மா" என்றாள் அவள். எழுதிக்கொண்டார்கள்.

நெட்டையனிடம் சொன்னபோது அவன் நம்பவில்லை. இன்னமும் நம்பவில்லை.

வண்டியின் முதல் சவாரி அவள் வீட்டுச் சாமான்தான். பீரோவை நெட்டையன்தான் தூக்கினான், என்னைத் தொடவிடவில்லை. அவள் என் பக்கத்தில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தையல் மிஷின் பின்னால் கடகடவென்றது. முதுகை இருக்கையில் நன்றாகச் சாய்த்துக்கொண்டு ஓட்டினேன்.

"வலி எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"தெரியல. காலையிலிருந்து நினைக்கவே இல்ல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, "அந்த முக்குல இடது பக்கம் போங்க. பச்சைக் கதவு" என்றாள்.