சோதனைப் பதிப்பில் வந்த நோயாளிகள்

ஸோம்பா மலையடிவாரத்து மிஷன் மருத்துவமனையின் சர்வரை நானும் லிம்பானியும் பார்த்துக்கொள்கிறோம். பெரும்பாலும் சும்மா பார்ப்பதுதான்.

காசநோய்ப் பிரிவு செவிலியர் அமாயி நசிபெகோ ஒரு நாள் வந்து நின்றார். அம்மா என்பதை இங்கே அமாயி என்பார்கள். மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு ஆட்கள் காணாமல் போகிறார்களாம். வரவேண்டிய நாளை அவர்கள் ஃபோனுக்குச் செய்தியாக அனுப்ப முடியுமா என்றார்.

நோயாளிகளின் விவரம் வைத்திருந்த இலவச மென்பொருளின் நிலையான பதிப்பில் அந்த வசதி இல்லை. இன்னும் எழுதி முடிக்காத சோதனைப் பதிப்பில் இருந்தது.

"சூளையில வேகாத செங்கல்லுப்பா அது. மழை வந்தா கரைஞ்சிடும்" என்றேன்.

"சூளை ஆறுற வரைக்கும் நீங்க காத்திருங்க அண்ணே. அதுக்குள்ள குடியிருக்க ஆள் மிஞ்சாது" என்றான் லிம்பானி.

அமாயி சிரிக்கவில்லை. என் வீரம் அத்தோடு சரி, தலையாட்டிவிட்டேன்.

முதலில் தனிக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் முறை. அதன் பேட்டரியை மின்வெட்டுக்காகப் பிரசவ வார்டு விளக்குக்குக் கொடுத்திருந்தோம். திருப்பிக் கேட்க யாருக்கு வாய் வரும்? நேரே சர்வரிலேயே ஏற்றினோம்.

ஆட்கள் வந்தார்கள். சிம் மாற்றியவர்கள் புது எண்ணும் கொடுத்தார்கள். அமாயி வறுத்த உசிபா மீன் கொண்டுவந்து தந்தார். அந்தப் பதிப்பே வேண்டாம் என்றவன் நான்தான், மீனை அதிகம் தின்றவனும் நான்தான்.

மழைக்காலத்தில் ஏற்றிய ஒரு திருத்தம் ஒருவர் எண்ணை இன்னொருவர் பெயரில் ஒட்டிவிட்டது, சத்தமே இல்லாமல். சர்வரின் வன்வட்டில் இடம் போதாது என்று, தினமும் எடுக்கும் நகலை முந்தைய நகலின் மேலேயே எழுதிவந்தோம். நாங்கள் கவனிப்பதற்குள் அதிலும் குழப்பம் ஏறியிருந்தது. தனியே எடுத்துவைத்திருந்த, பதிப்பு மாற்றுவதற்கு முந்தைய நகல் மட்டும் மிஞ்சியது.

மென்பொருளை எழுதியவர்களிடம் முறையிட்டோம். "நிஜ வேலைக்குப் பயன்படுத்தாதீங்கன்னு முதல் பக்கத்துலயே போட்டிருக்கோமே" என்று மரியாதையாகத்தான் பதில் வந்தது.

பழைய நகலோடு நிலையான பதிப்புக்கே திரும்பினோம். இப்போது அது ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. புது எண்கள்தான் இல்லை.

ஃபட்சானி என்பவன் இந்த வாரம் மாத்திரைக்கு வரவில்லை. அமாயி அவனுடைய பழைய எண்ணுக்கு அழைத்தார். வேறு யாரோ எடுத்தார்.

"ஃபட்சானியா? இது இப்ப என் நம்பரும்மா."

"அவனைத் தெரியுமா ஐயா? உயரமா இருப்பான். இருமிட்டே இருப்பான்."

"இங்க எல்லாரும்தான் இருமுறாங்க அமாயி."

லிம்பானி என் காதருகே வந்தான்.

"அண்ணே, அடுத்த நிலையான பதிப்புல செய்தி அனுப்புற வசதி வருதாம்."

"எப்போ?"

"தயாரானதும்னு போட்டிருக்கு."

அமாயி அடுத்த எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார்.