தம்பி அனுப்பிய பன்னிரண்டு வோல்ட்

எங்கள் அப்பாவைத் தன்னாமுனையில் 'வயரிங் தோமஸ்' என்றுதான் தெரியும். ஊரில் பாதி வீட்டுக்கு வயர் இழுத்தவர். ஆகவே மின்சாரத்தைப் பற்றி அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லிவிடக்கூடாது. போன நத்தார்ப் பண்டிகைக்கு மின்சாரமே நேரில் சொல்லிப் பார்த்தது. அதற்கும் அவர் காது கொடுக்கவில்லை.

அன்றைக்கும் மார்கழி மழை. எங்கள் வீடு ஒழுங்கையின் கடைசி வீடு. பின்னால் வாவி, இரண்டு பக்கமும் ஆளில்லாத தென்னந்தோட்டம். வாவி நிரம்பினால் முதலில் எங்கள் முற்றத்துக்குத்தான் வரும். கணுக்கால் தண்ணீரில் நின்று இயேசு பாலன் குடிலுக்குக் கலர் பல்ப் கொழுவிக்கொண்டிருந்தார் அப்பா. டேப் சுற்றாத வயர் மூட்டு ஒன்று அவர் கைக்குப் பக்கத்தில் தொங்கியதைக் கண்டு, "அப்பா, கவனம்!" என்று நான் கத்தினேன். என்னவோ ஏதோ என்று அவர் திரும்பினார். திரும்பின கை மூட்டில் பட்டது. அடுத்த கணம் வேலியோடு போய் விழுந்து கிடந்தார். உயிர் தப்பியது அந்தோனியார் செயல். இடது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் மரத்துப்போய்த்தான் இருக்கின்றன. "நீ கத்தியிராட்டி ஒண்டும் நடந்திராது, றெபேக்கா" என்பார். அது பொய் என்று சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அந்த நேரம் என் கையில் போன் இருந்தது. போனுக்குள் லண்டனிலிருந்து தம்பி டிலுக்ஷன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் போய் ஆறு வருடம். அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. அம்மாவின் செத்தவீட்டையும் அவன் போனில்தான் பார்த்தான். "அப்பாவையும் அப்பிடிப் பாக்க வச்சிராத அக்கா" என்று அன்றைக்கு என்னிடம் கெஞ்சினான்.

அதனால்தான் இந்த வருடம் அவன் ஒரு பார்சல் அனுப்பினான். ஆறு சின்ன ஸ்பொட்லைட், அவற்றை இயக்கும் கொன்ட்ரோலர் பெட்டி ஒன்று. பெட்டியை வீட்டு வைஃபையில் இணைத்துவிட்டால் அவன் லண்டனில் போனில் பட்டனை அமத்த, இங்கே முற்றத்தில் நிறம் மாறும். "லைட்டும் பெட்டியும் பன்னிரண்டு வோல்ட், அக்கா. ரெண்டையும் பொருத்தி என்ட அறையில எரிச்சுப் பாத்துத்தான் அனுப்புறன். தண்ணிக்குள்ள விழுந்தாலும் ஆளை ஒண்டும் செய்யாது. அங்க பன்னிரண்டு வோல்ட் பவர் சப்ளை ஒண்டு மட்டும் வாங்குங்க. முத்தத்தில மெயின் கரண்ட் வேணவே வேணாம்" என்றான்.

அப்பா பார்சலைப் பிரித்து ஒரு லைட்டைக் கையில் எடுத்தார். அதிலிருந்து நான்கு வயர் வந்தது. கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம்.

"சிவப்பு லைன். கறுப்பு நியூட்ரல். பச்சை எர்த்" என்றார், பெயர் கூப்பிடுகிற வாத்தியார் மாதிரி.

"நீலம்?"

"அது சும்மா விட்டிருக்கான்."

தம்பி எப்படி இணைப்பது என்று பேசி அனுப்பியிருந்ததைக் கேட்கச் சொன்னேன். "நான் அவனுக்குச் சோறு போட்டதே வயரிங்கிலதான்" என்றார்.

பன்னிரண்டு வோல்ட் பவர் சப்ளை வாங்கினோம், பெட்டியை நான் வைஃபையில் இணைத்தேன். அப்பா கறுப்பை மைனஸில் கொடுத்தார். ஒரு லைட்டும் எரியவில்லை. அவர் ஒரு நிமிடமும் தன்னைச் சந்தேகப்படவில்லை. "வாசல் படலை மட்டுக்கும் வயர் போகுது. அவ்வளவு தூரம் போறதுக்குள்ள வோல்ட் விழுந்திரும். பன்னிரண்டு காணாது" என்றார். நீள வயரில் வோல்ட் குறையும் என்பது உண்மைதானாம். உண்மை தெரிந்தவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? யாரிடமோ கேட்டு இருபத்துநாலு வோல்ட் பவர் சப்ளை ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். அப்போதும் எரியவில்லை.

இருபத்துமூன்றாம் திகதி ஒரு லைட்டைப் பையில் போட்டுக்கொண்டு இருவரும் ஏறாவூருக்குப் போனோம். ஹலீம் நானாவின் எலெக்ட்ரிக் கடைக்கு அப்பா இருபது வருடக் கஸ்டமர். நானா லைட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"தோமஸண்ணன், இதுல கறுப்புத்தான் ப்ளஸ். மத்த மூணும் மூணு நிறத்துக்கு. வீட்டு வயரிங் மாதிரி இல்ல இது."

"கறுப்பு ப்ளஸா?" அப்பாவின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. நாற்பது வருடம் நம்பின நிறம். லைட்டை வாங்கிப் பையில் போட்டார், படியிறங்கிவிட்டார்.

"பவர் சப்ளை எத்தினை வோல்ட் போட்டீங்க?" என்று நானா பின்னாலிருந்து கேட்டார். அப்பா நிற்கவில்லை. நானும் அவர் பின்னால் ஓடினேன். அந்த ஒரு கேள்விக்கு நின்று பதில் சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து முறுமுறுத்துக்கொண்டே கறுப்பை ப்ளஸில் கொடுத்தார். பிழை இரண்டில் ஒன்று சரியானது. இருபத்துநாலு அப்படியே இருந்தது. ஆறு லைட்டும் பளீரென்று எரிந்தன. படலை, குடில், கிணறு எல்லாம் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. அப்பா சின்னப்பிள்ளை போலக் கை தட்டினார். ஒரு நிமிடம் இருக்கும். ஒவ்வொன்றாக மங்கிச் செத்தன. கொன்ட்ரோலர் பெட்டியிலிருந்து கருகின மணம் வந்தது.

நானாவுக்குப் போன் எடுத்தேன். அப்படி லைட்டும் பெட்டியும் கொழும்பிலிருந்துதான் வரவேண்டும், பெருநாள் முடிந்துதான் கிடைக்கும் என்றார்.

"தம்பிட்டச் சொல்லுவம் அப்பா."

"வேணாம்." கருகின பெட்டியைக் கையில் எடுத்தார். "தனிய ஒரு அறைக்குள்ள இருந்து அவன் பொருத்தி அனுப்பினது. நான் எரிச்சுப்போட்டன் எண்டு எந்த வாயால சொல்லுற? நாளைக்கு ஏழு மணிக்கு அவன் அமத்தக்குள்ள இஞ்ச லைட் மாறோணும். மாறும்."

எப்படி மாறும் என்பது மறுநாள் பின்னேரம் தெரிந்தது. பழைய கலர் பல்புகளைக் குடிலைச் சுற்றிக் கொழுவினார். கிணற்றடி மோட்டர்க் கொட்டிலில் இருந்து கரண்ட் எடுத்தார். பலகைத் துண்டில் மூன்று சுவிட்ச். போன் கமெராவுக்குக் கொட்டில் தெரியாது. தம்பி நிறத்தைச் சொல்லச் சொல்ல, அப்பா கொட்டிலுக்குள் நின்று தட்டுவார். ஆளுக்குக் கரண்ட் அடித்தால் தானாக விழுகிற ட்ரிப் சுவிட்சும் மோட்டர் லைனில் இல்லை. மழைக்கு அடிக்கடி விழுகிறது என்று அதை எப்போதோ வெளியே எடுத்துவிட்டார்.

நான் அழுதேன், ஏசினேன், பலகையைப் பறித்துப் பார்த்தேன். "பத்து நிமிசம், புள்ள. என்ட புள்ளைக்குப் பத்து நிமிசம்" என்றார். அதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஏழு மணிக்கு மழை விட்டிருந்தது. தண்ணீர் போன வருட அளவுக்கே நின்றது. சாரத்தை மடித்துக்கட்டி, வெறுங்காலோடு கொட்டிலுக்குள் போனார். நான் வாசலில் போனைப் பிடித்தேன். லண்டனில் மத்தியானம். வேலைக்கு நடுவே ஏதோ படிக்கட்டில் குந்தியிருந்தான் தம்பி.

"ரெடியா அக்கா? சிவப்பு அமத்துறன்!"

ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் இருந்தது. சிவப்பு எரிந்தது.

"பச்சை!"

பச்சை எரிந்தது. சிரிப்பான் என்று திரையைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. கண்ணைச் சுருக்கித் திரைக்குள் எதையோ தேடினான்.

"அக்கா, ஸ்பீக்கரை நிப்பாட்டு."

நிறுத்திவிட்டுக் காதில் வைத்தேன்.

"பெட்டி ஓஃப்லைன் எண்டு காட்டுது. நேத்திலருந்து அப்பிடித்தான். நான் ஒண்டையும் அமத்தல்ல, சும்மா சொல்லிப் பாத்தன். அப்பா எங்க?"

"மோட்டர்க் கொட்டில்ல."

"தண்ணிக்குள்ளயா?"

"ம்" என்றேன். அது அவனுக்குப் போதுமாக இருந்தது. அவன் மூச்சு காதுக்குள் அடித்தது.

"கத்திராத அக்கா. கூப்பிடாத. போன வருசம் மாதிரிக் கிறுகித் திரும்பிப்போடுவார். உள்ள போய் மெயினைத் தட்டு."

"தட்டினா வைஃபையும் போகும். போன்ல டேட்டா இல்ல. நீயும் போயிருவாய்."

"போறன். கெதியாத் தட்டு."

கிணற்றடியிலிருந்து அப்பா கூப்பிட்டார். "என்னவாம் புள்ள? நீலம் சொல்லல்லியே தம்பி!"

ஓடிப்போய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தேன். பச்சை போனது. விறாந்தை லைட், ஃபேன், எல்லாம் போயின. திரையில் தம்பியின் முகம் வாய் திறந்தபடி நின்றது, பிறகு அதுவும் போனது. இனி அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் அவன் அந்தப் படிக்கட்டில் இருப்பான்.

"கரண்ட் போயித்து!" என்றது கொட்டில். "பரவால்ல, சிவப்பும் பச்சையும் பாத்துப்போட்டான் என்ன? சிரிச்சானா?"

"சிரிச்சான் அப்பா. நீங்க உள்ள வாங்க."

"கரண்ட் வரட்டும். நான் வந்த நேரம் அது வந்தா? அவன் காத்துக்கொண்டு இருப்பான்."

"அது வராது அப்பா. வாங்க."

"வரும், வரும்."

என் கை மெயின் சுவிட்சில் இருந்தது. அவர் தண்ணீரை விட்டு ஏறும்வரை நான் இதை மேலே தள்ள முடியாது. கரண்ட் வரும்வரை அவர் ஏறமாட்டார். நான்தான் இழுத்தேன் என்றால், தம்பிக்குத் தெரிந்துவிட்டது என்றும் சொல்லவேண்டும்.

"நீல சுவிட்சிலதான் கை வச்சிருக்கன், புள்ள" என்றார் அப்பா இருட்டுக்குள்ளிருந்து. "லைனுக்கு வந்தானெண்டால் அவனிட்டச் சொல்லு."