மூலையில் இருந்த துணிமூட்டை

சவுண்டு சரியில்லை என்று ஒருவன் மூன்றாவது தடவை போன் செய்தால், கோளாறு செட்டில் இல்லை, போன் செய்கிறவனிடம்தான் இருக்கிறது. இருபத்தேழு வருடமாகப் பெரம்பலூரில் ஸ்பீக்கர் கழற்றி மாட்டுகிற எனக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் போனேன். மூட்டுவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, டூல்ஸ் பையை மாட்டிக்கொண்டு, மத்தியான வெயிலில் செட்டிகுளம் வரைக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். 'சவுண்டு ராசாங்கம்' என்று ஒரு பேர் வாங்கி வைத்திருக்கிறேனே, அதைச் சுமந்துதானே ஆகவேண்டும்.

தமிழ்மாறன் வாசலிலேயே நின்றிருந்தான். சிங்கப்பூரில் ஆறு வருடம் உழைத்துவிட்டு வந்து வீடு கட்டியவன். இப்போது கல் குவாரியில் ஜேசிபி ஓட்டுகிறான். நாள் முழுக்க அந்த இரைச்சலில் கிடந்துவிட்டு வருகிறவனுக்கு வீட்டில் நல்ல சத்தம் கேட்க வேண்டும் என்று ஓர் ஆசை. போன சித்திரையில் அவன் ஹாலில் ஐந்து ஸ்பீக்கர், முழக்கத்துக்கு ஒரு ஊஃபர் என்று முழு செட்டும் மாட்டிக் கொடுத்தது நான்தான். அன்றைக்கு அந்த ஹாலில் பாட்டு அப்படி இருந்தது. எனக்கே பொறாமையாக இருந்தது.

"வாங்கண்ணே. இன்னைக்கு நீங்க கண்டுபிடிச்சே ஆவணும்" என்றான்.

"தம்பி, போன தடவ ஒயர் பூரா மாத்தினேன். அதுக்கு முன்னாடி ஆம்ப்ளிஃபயர பிரிச்சுத் தொடச்சேன். இன்னும் உன் தலையத்தான் பிரிச்சுப் பாக்கல."

சிரிக்கவில்லை. செட்டைப் போட்டான். தகர டப்பாவுக்குள் யாரோ பாடுகிற மாதிரி வந்தது. பேச்சு ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தது. ஊஃபர் மட்டும் மாடு செருமுகிற மாதிரி தனியாக முட்டிக்கொண்டிருந்தது. அவன் சொன்னது பொய்யில்லை, சவுண்டு செத்துத்தான் போயிருந்தது.

"இது விக்கி வேலண்ணே" என்றான் தமிழ்மாறன்.

விக்கி அவன் மச்சினன், பெண்டாட்டி கலையரசியின் தம்பி. உடையார்பாளையத்தில் வயர்மேன். கலையரசி கோபித்துக்கொண்டு அப்பன் வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது என்பதை அப்போதுதான் தமிழ்மாறன் சொன்னான். போன மாதம் விக்கி வண்டி கொண்டுவந்து சீர் சாமான் அத்தனையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். கட்டில், மெத்தை, பீரோ, சோபா, தையல் மிஷின் என்று எதையும் விடவில்லை. செட்டு தமிழ்மாறன் வாங்கியது என்பதால் அதை மட்டும் விட்டுவிட்டான்.

"நான் வேலைக்குப் போயிருந்தேன். கையில ஸ்க்ரூ டிரைவரோட ஒரு மணி நேரம் இந்த ஹாலுல நின்னிருக்கான். உள்ள எதையோ கழட்டிட்டான். அன்னையிலேர்ந்துதான் சவுண்டு போச்சு. வர்ற ஞாயித்துக்கெழம அவங்க வூட்டுல பேச்சுவார்த்த. நீங்க வந்து, ஆமா, செட்டுல கை வச்சிருக்கான்னு நாலு பேரு முன்னாடி சொல்லணும். அவங்க யோக்கியத தெரியட்டும்."

"ஸ்க்ரூ டிரைவர் இல்லாம கட்டில எப்படிடா கழட்டுவான், பல்லாலயா?" என்றேன். எரிச்சல் வந்துவிட்டது. பேச்சுவார்த்தை என்றால் பெண்டாட்டியைக் கூட்டிவரப் போவது. இவன் அங்கே போய் மச்சினனைத் திருடன் என்று சொன்னால் அந்தப் பெண் இந்த வாசலை இனி மிதிப்பாளா? ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம். அதற்குச் சாட்சி சொல்ல நான் வேறு.

அப்போதுதான் ஹாலைப் பார்த்தேன். முதல் இரண்டு தடவையும் நான் செட்டைத்தான் பார்த்தேன். சாமான் எங்கே என்று கேட்டதற்கு வெள்ளையடிக்கப் போகிறோம் என்றான், நம்பிவிட்டேன். இருபத்தேழு வருட அனுபவத்தின் லட்சணம் இது. இப்போது பார்த்தால், கண்ணாடி மாதிரி டைல்ஸ், மொட்டைச் சுவர், ஓரத்தில் ஒரு பாய், கொடியில் ஒரு லுங்கி. நடுவில் நின்று கையை ஒரு தட்டு தட்டினேன். சத்தம் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக ஓடி டங்டங்கென்று எனக்கே திரும்பி வந்தது.

அடச்சீ, இவ்வளவுதானா என்று இருந்தது.

"பக்கத்துல யாரு வூட்டுலயாவது சாக்கு, ஜமுக்காளம், போர்வ எது இருந்தாலும் வாங்கிட்டு வா" என்றேன்.

பக்கத்து வீட்டுப் பொன்னாயி அக்கா சின்ன வெங்காயச் சாக்கு இருபது கொடுத்தது. கொடுத்துவிட்டு, எதற்கு என்று பார்க்கக் கூடவே வந்தது. சாக்குகளை ஊஃபர் இருந்த மூலையில் அடுக்கினேன். ஜமுக்காளத்தைத் தரையில் விரித்தேன். இரண்டு போர்வையைக் கொடியில் தொங்கவிட்டேன். பாட்டைப் போடு என்றேன்.

வந்துவிட்டது. வெங்காய வாடையோடு வந்தது, ஆனால் போன சித்திரையில் வந்த அதே சத்தம். பாடுகிறவன் மூச்சு இழுப்பது வரைக்கும் கேட்டது.

"அண்ணே! வந்துருச்சுண்ணே!" என்று தமிழ்மாறன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"விக்கி ஒரு ஸ்க்ரூவக்கூடத் தொடல தம்பி. வெறும் சுவத்துல சத்தம் பட்டுத் திரும்புது. துணி, மெத்தை, சோபா இருந்தா வாங்கிக்கும். அதெல்லாம் போச்சு, சவுண்டும் போச்சு."

பொன்னாயி அக்கா சும்மா இருக்கவில்லை. "அதத்தான அந்தப் புள்ள மூட்ட மூட்டயா வச்சிருந்துச்சு! இதே மூலையில! இந்த மவராசன்தான அத மழையில தூக்கி எறிஞ்சாரு! என் மவ கல்யாணத்துக்குத் தைக்கக் குடுத்த ஒம்போது ஜாக்கெட்டுத் துணியும் அதுலதான் இருந்துச்சு. சாயம் ஒண்ணோட ஒண்ணு ஏறிப் பாழாப் போச்சு. அந்தப் புள்ள என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு."

தமிழ்மாறன் செட்டை நிறுத்தினான். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

எனக்குப் போன சித்திரை ஞாபகம் வந்துவிட்டது. கலையரசி அந்த ஜன்னலோரம் மிஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். மூலையில் துணிமூட்டைகள். நான் ஊஃபரை எங்கே வைப்பது என்று பார்த்தேன். பெரிய மேதாவி மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இந்த மூட்டையெல்லாம் எடுத்துட்டா சவுண்டு இன்னும் அம்சமா இருக்கும்" என்றேன். அவள், "வெளிச்சம் இங்கதாண்ணே இருக்கு, வேற எங்க வைக்க?" என்றாள். நான் அதற்குப் பதில் சொன்னேனா என்றுகூட நினைவில்லை. ஒரு பந்தாவுக்குச் சொன்ன வார்த்தை. தவறான வார்த்தையும்கூட. அந்த மூட்டைதான் மூலையில் மோதுகிற சத்தத்தையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டிருந்தது.

சாட்சி சொல்ல நான் வருகிறேன் என்றேன். என்ன சாட்சி என்று தமிழ்மாறன் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். அரியலூர் தாண்டுகிற வரைக்கும் சிமெண்டு லாரிகள். புழுதியில் வாயைத் திறக்க முடியவில்லை. அவன் மட்டும் இரண்டு தடவை, "வந்துருவாள்லண்ணே?" என்று கேட்டான். ஹாலில் படுத்தால் தூக்கமே வருவதில்லை என்றான். "பாத்துப் பேசு, நீ பேசுறதவிடக் கேளு" என்றேன்.

உடையார்பாளையத்தில் மாமனார் மாயவன் நாற்காலி போட்டு வைத்திருந்தார். மரியாதையான மனுசன். "வாங்க மாப்ள" என்றார், ஆனால் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. விக்கி வாசல்படியிலேயே நின்றுகொண்டு, "என்ன மாமா, சாட்சிக்கு ஆளு கூட்டியாந்தீங்களா?" என்றான். கலையரசி உள்ளறையில் தைத்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. மிஷின் நிற்கவில்லை.

நானே ஆரம்பித்தேன். இல்லாவிட்டால் தைரியம் போய்விடும்.

"தங்கச்சி, நான் ராசாங்கம். செட்டு மாட்டுனவன்."

"தெரியுமேண்ணே. உங்க பேரச் சொல்லாத நாளு உண்டா அந்த வூட்டுல?" என்றாள், தலையைத் தூக்காமலே. "ராசாங்கண்ணனே சொல்லிட்டாரு மூட்டைய எடு, ராசாங்கண்ணனே சொல்லிட்டாரு மிஷின நிறுத்து. நான் அடுப்படியிலேர்ந்து ஒரு வார்த்த பேசுனாக்கூட, இரு இரு, சவுண்டு கேக்கட்டும்."

"நான் சொன்னது தப்பும்மா" என்றேன். "மூட்ட அங்கதான் இருக்கணும். அதுனாலதான் சவுண்டே நல்லா இருந்துச்சு. தொழில் தெரிஞ்சவன் மாதிரி வாய் குடுத்துட்டேன். விக்கி மேலயும் ஒரு தப்பும் இல்ல. இத உங்கப்பா முன்னாடி சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன்."

மிஷின் நின்றது. மாயவன் என்னைப் பார்த்தார். அந்த நேரம் கொஞ்சம் நல்ல நேரம் என்று எனக்குப் பட்டது. இப்போது தமிழ்மாறன், அந்த ஜாக்கெட் துணியை நான் எறிந்திருக்கக் கூடாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் அவன் தொடையை இடித்தேன்.

தமிழ்மாறன் எழுந்து நின்றான். கண் கலங்கியிருந்தது. மனதிலிருந்துதான் பேசினான், அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

"கலை, நீ போனதுலேர்ந்து சவுண்டே சரியில்ல. வூட்டுக்குள்ள நிக்க முடியல. மெத்தை, சோபா, உன் மூட்ட எல்லாம் இருந்தாத்தான் நல்லா கேக்குது. அண்ணனே சொல்லிட்டாரு. இனிமே மிஷின ஹாலுலயே போட்டுக்க. எத்தன மூட்ட வேணாலும் வச்சுக்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வா."

அட மடப்பயலே!

விக்கி சிரித்துவிட்டான். மாயவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கலையரசி எழுந்து கதவருகில் வந்து நின்றாள். கோபமாகவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ரொம்பக் களைத்துப் போன முகம்.

"சவுண்டு நல்லா இருக்கறதுக்கு நான் வரணும்" என்றாள்.

"அப்படி இல்ல கலை..."

"அப்படித்தான் சொன்னீங்க. நான் கேட்டேன். எனக்கு நல்லாத்தான் காது கேக்குது."

உள்ளே போனாள். தமிழ்மாறன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். பழைய புடவையில் கட்டிய ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவனிடம் கொடுக்கவில்லை, என்னிடம் நீட்டினாள்.

"வெட்டுத்துணிண்ணே. தைச்சு மிஞ்சுனது. யாருக்கும் ஆவாது. மூலையில வைங்க, சவுண்டு நல்லா இருக்கும்."

வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்த கதைதான், அதில் பாதித் தும்பை அவிழ்த்துவிட்டவன் நான். மாயவன் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். தமிழ்மாறன் அதற்குள் வெளியே போய் வண்டியைக் கிளப்பிவிட்டான். நான் வாசலில் செருப்பு மாட்டும்போது கலையரசி பின்னாலேயே வந்து என்னிடம் மட்டும் ஒன்று சொன்னாள். வண்டிச் சத்தத்தில் அவனுக்குக் கேட்டிருக்காது.

திரும்புகிற வழியில் அவனால் ரொம்ப தூரம் ஓட்ட முடியவில்லை. உடையார்பாளையம் தாண்டியதுமே சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டான். மூட்டையைப் பின்னால் கட்டிவிடலாமா என்றேன். "இருக்கட்டும்ணே" என்று மடியில் வைத்துக்கொண்டான். செட்டிகுளம் வந்து சேர்வதற்குள் எனக்கு முழங்கால் கழன்று போயிற்று.

சாக்குகளைப் பொன்னாயி அக்கா வியாபாரிக்கு வெங்காயம் கட்டத் திருப்பி எடுத்துக்கொண்டு போயிருந்தது, ஜமுக்காளமும் போர்வையும் கூடவே போய்விட்டன. ஹால் பழையபடி மொட்டையாகக் கிடந்தது. தமிழ்மாறன் மூட்டையைக் கொண்டுபோய் அந்த மூலையில், ஊஃபர் பக்கத்தில் வைத்தான். ஒரு பாட்டைப் போட்டான். ஊஃபரின் முட்டல் ஒரு நூல் குறைந்திருந்தது. மற்றபடி அதே தகர டப்பா.

"எப்படிண்ணே?" என்றான்.

எத்தனையோ வீட்டில் எத்தனையோ பேரிடம் சூப்பர் சார், அம்சமா இருக்கு சார் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இவனிடம் அப்படிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

"ஒரு மூட்டைக்கு இவ்வளவுதான் தம்பி வரும்."

செட்டை நிறுத்திவிட்டு மூட்டைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான். நான் காலையில் அங்கே வைத்துவிட்டுப் போன டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன்.

"அண்ணே" என்று கூப்பிட்டான். "கெளம்பறப்ப கலை உங்ககிட்ட ஏதோ சொன்னாள்ல. என்னா சொன்னா? எனக்குக் கேக்கல."

சொல்லலாமா வேண்டாமா என்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு இவன் என்னென்ன கோட்டை கட்டுவானோ.

"சிமெண்டு லாரியா வருது, அவர மெதுவா ஓட்டச் சொல்லுங்கண்ணேன்னு சொல்லுச்சு. வேற ஒண்ணும் இல்ல."

அந்த வெறும் ஹாலில் நான் சொன்னது எனக்கே இரண்டு தடவை கேட்டது.

"இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே" என்றான்.

பையைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை சொன்னேன்.