ஈரக் கை

"தொடாதீங்க சித்தப்பா!"

பீர் காய்ச்சும் மின்சார அண்டாவின் பிளக்கோடு ஷூரின் கை அந்தரத்தில் நின்றது. குன்வோர் நிலவறைப் படியில் பாதி இறங்கியிருந்தாள். அப்படிக் கீச்சிட்டது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"என்ன புள்ள, பேயப் பாத்த மாதிரி? அடக்கத்துக்கு வர்ற சனத்துக்கு எங்கண்ணன் ஓட்மண்ட் வீட்டுல கடை பீரா ஊத்துறது? உங்கப்பன் சவப்பெட்டியை விட்டு எந்திரிச்சு வந்து என்னை ஏசுவான்."

"பீர் காய்ச்சலாம். முதல்ல நான் பாத்துடுறேன். அண்டாவோட சூட்டுப் பெட்டி சரியில்ல."

"நீ சரி செஞ்ச பெட்டிதானே!" என்று சிரித்தார் ஷூர். பாவம், விளையாட்டுக்குத்தான் சொன்னார். குன்வோர் மீதிப் படியை இறங்கி வந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு அப்பா கூப்பிட்டிருந்தார். "நாப்பதுன்னு காட்டுது, உள்ள பாத்தா தளதளன்னு கொதிக்குது. எலக்ட்ரீஷியன்கிட்டச் சொன்னா அவன் அடுத்த மாசம்ங்கறான். நீயே வந்து பாரேன்." அவளுக்கு பெர்கன் நகரில் வங்கி வேலை. ஆனால் சின்ன வயதிலிருந்தே திருப்புளி பிடித்த கை. வந்தாள். சூட்டைக் கட்டுப்படுத்துகிற பெட்டியைத் திறந்து, ஹீட்டரை நிறுத்துகிற ரிலேயைப் புதிதாகப் போட்டாள், ஒயர்களைப் பிரித்து மறுபடி பூட்டினாள். அடுத்த முறை காய்ச்சும்போது அப்பா அந்த அண்டா பக்கத்திலேயே விழுந்துவிட்டார்.

இதயம் என்றார் டாக்டர். எழுபத்தெட்டு வயசு, யாரும் மேலே கேட்கவில்லை. குன்வோர் மட்டும் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். எர்த் ஒயரின் திருகை முறுக்கினேனா? அது கழன்றிருந்தால் அண்டாவைத் தொட்டவுடன் ஷாக் அடித்திருக்குமே? அன்றைக்கு அம்மா மாடியிலிருந்து வாஃபிள் சாப்பிடக் கூப்பிட்டாள். அந்த வாசம் ஞாபகம் இருந்தது. எழுந்து போனது ஞாபகம் இருந்தது. முறுக்கியது ஞாபகம் இல்லை.

பயம் என்பது அப்படித்தான். பல் தேய்க்கும்போதுகூடப் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறது.

பெட்டியின் மூடியைக் கழற்றினாள். கழன்ற திருகு ஒன்று உருண்டு ஷூரின் பூட்ஸுக்கு அடியில் போனது. பச்சையும் மஞ்சளுமான ஒயர் அதன் இடத்தில் இருந்தது. திருப்புளியை வைத்துத் திருகினாள். அசையவில்லை. இன்னொரு முறை, பலம் கொடுத்து. கல்லாய் இறுகியிருந்தது. மீட்டரின் ஒரு முனையை எர்த்திலும் மறுமுனையை அண்டாவிலும் வைத்தாள். பீப் என்றது.

"நல்லா இருக்குல்ல?" என்றார் ஷூர்.

எர்த் சரி. மின்சாரம் வேறெங்காவது கசிந்திருந்தால்?

அண்டாவின் பக்கவாட்டில் சூட்டை அளக்கும் சென்சாருக்கென்று ஒரு குழாய் உண்டு. ஒயரை மெல்ல இழுத்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது. சென்சார் குழாயின் அடிவரை போகவேயில்லை. வாயிலேயே தொங்கி, நிலவறைக் குளிரையும் சேர்த்து அளந்துகொண்டு இருந்திருக்கிறது. பிறகு ஹீட்டர் எப்படி நிற்கும்? அன்றைக்கே இதைப் பார்த்திருந்தால் பெட்டியைத் திறந்தே இருக்க வேண்டாம். உள்ளே கடைசிவரை தள்ளி டேப் சுற்றினாள்.

சுவரில் டிரிப் சுவிட்ச் மேலே ஏறி நின்றது. ஷாக் அடித்திருந்தால் அது விழுந்திருக்கும். யாராவது திரும்பத் தூக்கி விட்டிருந்தால்?

முதலில் வந்து பார்த்தவள் அம்மா.

அம்மா போர்கில்ட் அப்போதுதான் படியிறங்கி வந்தாள். பீரை வடிகட்டப் போடுகிற ஜூனிபர் கிளைகள், வாளியில் முக்கி எடுத்தவை, கையில் சொட்டிக்கொண்டிருந்தன.

"அம்மா." "அன்னைக்கு நீ வந்து பாக்கும்போது... ஹீட்டர் ஓடிட்டு இருந்துச்சா?"

போர்கில்ட் மகளைப் பார்த்தாள். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள். கிளைகளைத் தரையில் வைத்தாள்.

"ஓடிட்டுதான் இருந்துச்சு. கரிஞ்ச வாசம் வந்துச்சுன்னுதான் இறங்கி வந்தேன். பொங்கி வழிஞ்சு அவர் சட்டையெல்லாம் நனைஞ்சு கிடந்துச்சு."

"லைட்டு?"

"எல்லாம் எரிஞ்சுது. பெட்டியோட சிவப்பு லைட்டும்." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் முதல்ல பிளக்கைத்தான் புடுங்குனேன். அப்புறம்தான் அவரைத் தொட்டேன்."

ஷூர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். குன்வோரின் பயம் அவருக்கும் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

"மூடியைப் போட்டாச்சா?" என்று கேட்டாள் போர்கில்ட்.

குன்வோர் மூடியைப் பொருத்தினாள். கடைசித் திருகை ஷூர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். அதை முறுக்கினாள். முறுக்குவதைத் தன் கண்ணால் பார்த்துக்கொண்டே முறுக்கினாள். பிளக்கைச் செருகினாள்.

போர்கில்ட் அண்டாவின் அருகே வந்து, துடைக்காத கையை அதன்மேல் அகல விரித்து வைத்தாள்.

"போடு."

"அம்மா, கைய எடு."

"அண்ணி, விளையாடாதீங்க..."

"போடுங்கறேன்ல."

குன்வோர் சுவிட்சைப் போட்டாள். பெட்டிக்குள் டக்கென்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அண்டாவின் அடியில் தண்ணீர் முனக ஆரம்பித்தது. எட்டு என்று காட்டிய எண் ஒன்பதாகி, பத்தானது.

போர்கில்ட் கையை எடுக்கவில்லை. உள்ளங்கையிலிருந்து அண்டாவின் மேல் வழிந்திருந்த நீர்க்கோடு, அடியிலிருந்து மேலாக மெல்லக் காய்ந்துகொண்டு வந்தது.