சிவப்பு நூல் எந்தப் பக்கம் பறக்கிறது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு வேலியில் மாட்டிக் கிடைத்தது. தென் அர்ஜென்டினாவில், கைமான் என்ற சிற்றூரிலிருந்து மேற்கே போகும் நெடுஞ்சாலையோரம், ஆட்டுப்பட்டிக் கம்பியில், விரல் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கம்பளி நூல். இங்கே காற்று எதையும் கொண்டுவந்து வேலியில் மாட்டிவிடும். என் தலையணை உறையை ஒருமுறை அப்படித்தான் மீட்டேன். ஆனால் இந்த நூலின் ஒரு முனையில் டேப் ஒட்டியிருந்தது. யாரோ வேண்டுமென்றே எதிலோ ஒட்டியிருக்கிறார்கள். எதில், எதற்கு என்று யோசித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"படகோனியாவின் எல்லையற்ற சமவெளியில் காற்று ஒரு

[ஒரு என்ன? மிருகமா, கிழவியா? இப்படி ஆரம்பித்தால் கதை முதல் வரியிலேயே முகத்தில் காற்று அறைந்து நின்றுவிடும். விட்டேன்.]

இரண்டாவது ஆரம்பம்: "எவேலியோ கம்பளி வாங்கப் போனான்." இது நகர்கிறது.

2

எவேலியோ கம்பளி வாங்கப் போனான். அறுபதைத் தொடப்போகிற மனிதரை 'அவன்' என்கிறேனே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏங்குகிறவர்களை எனக்கு 'அவர்' என்று எழுத வரவில்லை. பக்கத்து ஊர் ட்ரெலேவில் தண்ணீர்க் குழாய் பொருத்தும் வேலை செய்கிறவன். கைமானில் கம்பளிக் கடை வைத்திருக்கும் எல்டா ஒரு காலத்தில் அவன் மனைவி.

"யாருக்கு ஸ்வெட்டர்?" என்றாள் எல்டா, நிமிர்ந்தும் பார்க்காமல்.

"கேரவனுக்கு."

இப்போது நிமிர்ந்தாள். "ஏன், அதுக்குக் குளிருதாமா?"

"கிண்டலப் பாரு. சிவப்புல ஒரு உருண்டை குடு. தூரத்துல இருந்தே பளிச்சுனு தெரியணும்."

காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுக்கும் சின்னக் கேரவன் அது. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல். முன்புறம் சுவர் மாதிரி நெட்டுக்குத்தாக நிற்கும். மேற்கே கிளம்பினால் எதிர்க்காற்று முழுவதும் அதில்தான் மோதும். பழைய கார் மூச்சுத் திணறும்.

"நூலை வெட்டி அது உடம்பு பூரா ஒட்டிடுவேன்" என்றான். "வண்டி ஓடுறப்போ காத்து ஒழுங்கா வழுக்கிட்டுப் போற இடத்துல நூல் படிஞ்சு கிடக்கும். எங்க முட்டிச் சுழலுதோ அங்க பேயாட்டம் ஆடும். என் எஞ்சின் தெம்பெல்லாம் அங்கதான் போகுது. அந்த இடத்தைச் சரிபண்ணிட்டா மலையடியில எஸ்கேல் வரைக்கும் ஏறிடலாம்."

"சரி, நீ வண்டி ஓட்டுவ. நூல் ஆடுறத யாரு பாக்குறது?"

எவேலியோ இதை யோசிக்கவே இல்லை.

[அடித்துவிடுகிறேன். யோசித்திருந்தான். கம்பளி ட்ரெலேவிலேயே கிடைக்கும், அவன் தெருவிலேயே கிடைக்கும்.]

"ஞாயித்துக்கிழமை கடை கிடையாது" என்றாள் எல்டா, நூல் உருண்டையைத் தாளில் சுற்றியபடி. "என் பிக்கப்புல வர்றேன். உனக்காக ஒண்ணும் இல்ல. கம்பளிக்கு இப்படியும் ஒரு வேலையானு பாக்கத்தான்."

3

ஏன் பிரிந்தார்கள்? நாலு காரணம் எழுதிப் பார்த்தேன். குடி, வேறொரு பெண், பிள்ளையில்லாத குறை, வெறும் அலுப்பு. எல்லாம் வேறு யாரோ வீட்டுக் காரணங்களாக இருந்தன. கடைசியில் ஒரு கதவு கிடைத்தது.

எல்டாவுக்கு ஒரே ஓர் ஆசை. காற்றில்லாத ஒரு காலையில், கிளிப் போடாமல் துணி காயப்போட வேண்டும். பிறந்ததிலிருந்து அவள் கிளிப் இல்லாமல் ஒரு கைக்குட்டைகூடக் காயப்போட்டதில்லை. எஸ்கேல் தாண்டி, மலைக்குப் பின்னால் காட்டுக்குள் ஒரு ஏரி இருக்கிறது, அங்கே காலையில் இலைகூட அசையாது என்று எவேலியோ சொன்னான். கேரவனை வாங்கியதே அதற்காகத்தான்.

ஏரிக்குக் கிளம்பி, பாதி வழியில் லாஸ் ப்ளூமாஸ் போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் கொதித்துவிட்டது. மூக்கைக் காற்றுக்குக் காட்டி நிறுத்திவிட்டு பானட்டைத் திறந்தால் காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போகும். எவேலியோ காரைத் திருப்பி, காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்தினான். பானட்டை நினைத்தான், கதவை நினைக்கவில்லை.* எல்டா தன் பக்கத்துக் கதவைத் திறந்ததும் பின்னாலிருந்து காற்று அதை அவள் கையோடு பிடுங்கியது. கீல் மடங்கியது. அவள் மணிக்கட்டும்தான்.

எவேலியோ ஓடிவந்தான். ஓடிவந்து முதலில் கீலைப் பார்த்தான்.

அவ்வளவுதான். அவள் கத்தவில்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அவன் கீலைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குளிர்காலத்தில் கைமானுக்குப் போய்விட்டாள்.

* இந்த ஊரில் ஒருவரை வண்டியில் ஏற்றிக்கொள்வதென்றால், முதலில் மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பி நிறுத்த வேண்டும். அப்போதுதான் கதவு கையைவிட்டுப் போகாது. குழந்தைக்கும் தெரியும். பதற்றத்தில் எவேலியோவுக்கு மறந்துவிட்டது.

4

இங்கே எல்டாவின் மேல் எனக்கே சந்தேகம். மணிக்கட்டை மறக்காத பெண் ஒரு நூல் உருண்டைக்காக ஞாயிறுதோறும் வந்து நிற்பாளா? இரக்கம் என்று எழுதினேன்; அவளுக்குப் பொருந்தவில்லை. தனிமை என்று எழுதினேன். கடையில் நாளெல்லாம் ஆள் இருக்கிறது. காரணம் பிடிபடாமலே அவளை வரவிட்டேன்.

வந்தாள். ஆளில்லாத நேர்ச்சாலையில் அவன் கேரவனை இழுக்க, அவள் எதிர்த்தடத்தில் பக்கவாட்டில் ஓட்டிக்கொண்டு நூல்களைப் பார்ப்பாள். அப்புறம் ஓரங்கட்டுவார்கள். பிக்கப் மறைவில் உட்கார்ந்து ஒரே குடுவையில், ஒரே குழலில் மாத்தே என்னும் இலைத் தேநீர் குடிப்பார்கள்.

"முன் மூலை ரெண்டும் பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆடுது" என்றாள் முதல் ஞாயிறு.

குழாய்க்காரன் கைக்கு எது வரும்? பிளாஸ்டிக் வடிகால் குழாயை நெடுக்காகப் பாதியாய் அறுத்து, கூர்மையான மூலைகளில் ஒட்டி வளைவாக்கினான். சுவர் மாதிரி நின்ற முகத்துக்கு ஒட்டுப்பலகையில் சாய்வாக ஒரு மூக்கு வைத்தான். அடிவயிற்றைத் தகரத்தால் மூடினான்.

"என்னய்யா இது, பெங்குவின் மாதிரி ஆயிட்டு வருது!"

"பெங்குவின் நல்லாத்தானே நீந்துது?"

"கரையில நடக்குறப்போ பாத்திருக்கியா?"

அவன் சிரித்தான். அவளோடு சேர்ந்து சிரிக்கும் வழக்கம் தனக்கு விட்டுப்போயிருந்தது அன்று வீடு திரும்பும் வழியில்தான் அவனுக்கு நினைவு வந்தது.

பின்பக்கம்தான் வம்பு. கேரவனின் முதுகிலிருந்து ஒரு குச்சியை நீட்டி, அதன் நுனியில் நூல் கட்டியிருந்தான்.

"அந்த நூல் பின்னால பறக்கல" என்றாள் எல்டா. "முன்னால பறக்குது. கேரவனைப் பாத்து."

"வண்டி முன்னால போறப்போ பின்னால ஒரு வெற்றிடம் விழுந்துடுது. காத்து அதுக்குள்ள திரும்பி வருது. அதுதான் நம்மள வாலைப் பிடிச்சு இழுக்குது."

"அதான் உன் பின்னால ஒட்டி வந்தா என் வண்டி மெதக்குற மாதிரி போகுதா? பெட்ரோலே குடிக்க மாட்டேங்குது."

"அப்ப பின்னாலயே வா."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. இருவரும் மாத்தேக் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

5

அவன் பின்புறத்தில் ஒட்டுப்பலகையால் கூம்பி வரும் ஒரு வால் கட்டினான். மறுவாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "எப்படி?" என்றான்.

"இன்னும் சுத்துது" என்றாள்.

அடுத்த வாரம் வாலைக் கொஞ்சம் சாய்த்தான். "இன்னும் சுத்துது." அதற்கடுத்த வாரமும் அதேதான்.

ஓட்டுகிற எவேலியோவின் கண்ணுக்கு நூல் படாது. ஆனால் கண்ணெதிரே எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் இருந்தது. எதிர்க்காற்றில், மேட்டில், முள் நடுவில் நின்றது. அசையவே இல்லை. எஞ்சின் பாட்டுப் பாடியது. நூல்கள் எப்போதோ படிந்துவிட்டிருந்தன.

அவள் பொய் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடக் கூடாது என்று பொய் சொல்கிறாள். அவன் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். சந்தோஷத்தில் சாலையைவிட்டு இறங்கிவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

[சத்தியமாகச் சொல்கிறேன், இதை நான் திட்டமிடவில்லை. "இன்னும் சுத்துது" என்று அவள் வாயில் மூன்றாம் தடவை எழுதும்போதுதான், ஏன் இந்த எல்டா ஞாயிறுதோறும் வந்தாள் என்று எனக்கே தெரிந்தது.]

"அடுத்த வாரம் லாஸ் ப்ளூமாஸ் வரைக்கும் போயிப் பாப்போமா?" என்றான்.

எல்டா மணிக்கட்டைத் தடவினாள். "பின்னால இன்னும் சுத்துதேய்யா."

"சுத்தட்டும்."

6

இனி முடிவு.

அ) எல்டா பிக்கப்பைப் பூட்டிவிட்டு காரில் ஏறுகிறாள். ஏரி வருகிறது. கிளிப் இல்லாமல் ஒரு வெள்ளைத் துணி. [இனிப்பு தூக்கல்.]

ஆ) எல்டா திரும்பிப் போகிறாள். எவேலியோ தனியாக ஏரிக்குப் போய், தன் சட்டையைக் காயப்போட்டுவிட்டு அதன் எதிரே உட்கார்ந்து [எழுத ஆரம்பித்தேன், முடியவில்லை. அவனை அங்கே அப்படி உட்காரவைக்க எனக்கு மனசு வரவில்லை.]

இ) காற்று நின்றுபோகி

[இங்கே காற்று நிற்காது.]

எவேலியோ வால் கட்டும்போது தெரிந்துகொண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒழுங்கான வால் கூம்பிக் கூம்பி நெடுந்தூரம் போய்த்தான் முடிய வேண்டும். அவ்வளவு நீள வாலைக் கட்டிக்கொண்டு தெருமுனை திரும்ப முடியாது. ஆகவே சரியாகக் கூம்ப ஆரம்பித்த இடத்தில் நறுக்கென்று வெட்டிவிடுவார்கள். மீதி வால் இருப்பதாக நினைத்துக்கொண்டு காற்று தானே வழுக்கிப் போய்விடுமாம். வெட்டுகிற இடம்தான் முக்கியம்.

7

லாஸ் ப்ளூமாஸ். முள் நடுவில். பானட்டைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

அங்கே பெட்ரோல் பங்க்கில் நுழைகிற வண்டிகள் எல்லாம் காற்றுக்கு முதுகு காட்டித்தான் நிற்கும். வழி அப்படி. எவேலியோ நுழைந்தான், நிற்கவில்லை. பங்க்கைச் சுற்றினான். பெங்குவின் மூக்கும் வெட்டிய வாலுமாகக் கேரவன் அவன் பின்னால் நொண்டி நொண்டித் திரும்ப, பங்க்காரன் கையை ஆட்டிக் கத்தினான்: "யோவ், பெரியவரே! பெட்ரோல் போடணுமா, ஊர்வலம் போறீரா?"

மூக்கை நேராக மேற்கே, காற்றுக்குக் காட்டி நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. இறங்கவும் இல்லை. பக்கக் கண்ணாடியில் பார்த்தான்.

பின்னால் பிக்கப் நின்றது. எல்டா அவன் சுற்றியதைப் பார்த்திருந்தாள். எதற்காகச் சுற்றினான் என்று இந்த ஊரில் பிறந்தவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இறங்கினாள். காற்று அவள் தலைமுடியை முழுதாக முகத்தில் போட்டது. கேரவனின் பக்கவாட்டில் நடந்து வந்தாள், படிந்து கிடந்த சிவப்பு நூல்களை விரலால் தடவிக்கொண்டே. காரில் முன்பு தான் உட்கார்ந்த பக்கத்துக் கதவருகில் வந்து நின்றாள்.

"பொய்தான் சொன்னேன்" என்றாள் கண்ணாடி வழியாக.

"தெரியும். கை எப்படி இருக்கு?"

இதைக் கேட்க அவனுக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. எல்டா அதே கையை நீட்டினாள். கைப்பிடியில் கை வைத்தாள்.

நான் இங்கே வெட்டுகிறேன். இதற்கு மேல் அவளை நான் எழுத மாட்டேன். கைப்பிடி இனி உங்கள் பக்கம். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன், எவேலியோ கேரவன் முழுவதையும் சீராக்கினான், கார்க் கதவின் அந்த மடங்கிய கீலை மட்டும் தொடவே இல்லை. உள்ளே ஏறுவதானால், கதவைக் கொஞ்சம் தூக்கித்தான் சாத்த வேண்டும்.